பால்மரம் செய்த வேலை

பேராக்கின் கோப்பெங் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களின் கதையை ஏக்கர் கணக்கிலும் கூலிக் கணக்கிலும் நிறைய எழுதிவிட்டோம். மரத்துக்குள் நடந்த வேலைக்கு அதில் இடமே இல்லை. அந்த வேலை தெரியாமல் பால்வெட்டுத் தொழிலாளியின் அருமையும் முழுதாக விளங்காது என்பது என் எண்ணம்.

1877இல் சிங்கப்பூர் வழியாகக் கோலகங்சாருக்கு வந்த கன்றுகளில் ஒன்று மரமாகி இன்றும் நிற்கிறது. பேராக்கில் ரப்பர் தொடங்கியது அங்கேதான். அந்த மரத்துக்குள் ரப்பரை ஆக்குவது ஒரு நொதி. நொதிகள் எப்படி வேலை செய்கின்றன என்பது பற்றி 1894இல் பெர்லினில் வேதியியலாளர் எமில் ஃபிஷர் ஒரு கருத்தை முன்வைத்தார்: பூட்டுக்கு ஏற்ற சாவியைப் போல, தான் மாற்ற வேண்டிய பொருள்களில் வடிவம் பொருந்தும் தளப்பொருளை மட்டுமே நொதி ஏற்கும். 1958இல் டேனியல் கோஷ்லேண்ட் அதைத் திருத்தினார். தளப்பொருள் வந்து அமரும்போது நொதியும் வளைந்து கொடுத்து அதைப் பற்றிக்கொள்கிறது என்றார்.

ரப்பர் பாலில் மிதப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். ரப்பரை உருவாக்கும் நொதி அவற்றின் மேற்பரப்பில் இருக்கிறது. வளரும் சங்கிலியின் முனையை அது ஒரு பக்கம் பிடித்திருக்கும். இலையிலிருந்து வரும் சர்க்கரையைக் கொண்டு மரம் ஆக்கிய ஐசோபென்டினைல் பைரோபாஸ்பேட் மறுபக்கம் வந்து அமரும். ஃபியோடர் லினென் முதலியோர் 1960 வாக்கில் அடையாளம் கண்ட மூலப்பொருள் இது. மக்னீசியம் துணைநிற்க, சங்கிலி முனையிலுள்ள பைரோபாஸ்பேட் கழன்றுவிடும். ஐந்து கார்பன்கள் கூடும். இப்படி ஆயிரக்கணக்கான தடவை. ஒவ்வோர் அலகும் ஒரே விதமாக, சிஸ் அமைப்பில் சேர்வதால்தான் ரப்பர் இழுத்தால் நீள்கிறது. மலாயாக் காடுகளிலிருந்து கடலடித் தந்திக் கம்பிகளுக்காக வெட்டப்பட்ட கட்டாபெர்ச்சா மரத்தின் பிசினிலும் இதே அலகுதான். ஆனால் அதில் இணைப்பு டிரான்ஸ் வகை. அதனால் அது விறைத்துக் கிடக்கிறது.

இனி தோட்டத்துக்கு வருவோம். விடியுமுன்னே, மரத்தில் நீரழுத்தம் மிகுந்திருக்கும் நேரத்தில் பட்டையைச் சீவினால் பால் நன்றாக ஓடும். ஒரு மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டினால்தான், வடிந்துபோன ரப்பரை நொதி மறுபடி ஆக்கிச் சேர்க்க அவகாசம் கிடைக்கும். பால் வடியும் கிண்ணமான மங்கில் தங்கி உறைந்த கட்டிப்பால் வெளியே கறுத்துப்போகும். அது இன்னொரு நொதியின் வேலை: பாலில் உள்ள ஃபீனால்களைப் பற்றி, காற்றின் ஆக்சிஜனோடு சேர்த்துக் கறுப்பு நிறமாக மாற்றுகிறது. வெள்ளைக் கிரேப் ரப்பர் செய்யுமிடங்களில் இதைத் தடுக்கத்தான் சோடியம் பைசல்ஃபைட் கலந்தார்கள்.

எத்தனை ஆழத்தில் சீவினால் மரம் காயப்படாது, எந்த மரம் பால் குறைந்து களைத்திருக்கிறது என்பதெல்லாம் நம் பெண்களின் கைகளுக்குத் தெரிந்திருந்தது. தோட்டக் கணக்கரான கிராணியின் ஏட்டில் ஏறியதோ வாளியின் எடை மட்டும். உயிரோடு இயங்கும் ஒரு வேதியியலைக் கெடுக்காமல் நாள்தோறும் அறுவடை செய்தவர்களை வெறும் கூலிகள் என்று வரலாறு எழுதியது பெரும் பிழை.

நான்காம் படிவ உயிரியலில் பூட்டு-சாவிக் கருதுகோளைப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். பேராக் ஆசிரியர்களே, அந்தப் பாடத்தன்று வகுப்புக்கு ஒரு மங்கு ரப்பர் பால் கொண்டுவாருங்கள். பால் வெட்டிய பாட்டி ஒருவரையும் அழைத்து வாருங்கள். அவர் சொல்வதை மாணவர்கள் எழுதி வைக்கட்டும்.