மகளா? பணிப்பெண்ணா?

2024-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நார்வே அரசு, ‘ஓ-பேர்’ எனும் திட்டத்தின்கீழ் புதிய விண்ணப்பங்களைப் பெறுவதை நிறுத்திவிட்டது. வெளிநாட்டு இளம்பெண்கள் ஒரு குடும்பத்தோடு தங்கி, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அந்நாட்டு மொழியையும் பண்பாட்டையும் கற்றுக்கொள்ள வழிசெய்த திட்டம் அது. பண்பாட்டுப் பரிமாற்றம் என்ற பெயரில் மலிவான வீட்டுவேலைதான் நடக்கிறது என்ற குற்றச்சாட்டு அங்கே பல ஆண்டுகளாகவே எழுந்துகொண்டிருந்தது. இத்திட்டத்தில் நார்வே சென்றவர்களுள் பெரும்பாலோர் பிலிப்பீன்ஸ் நாட்டுப் பெண்கள். கத்தோலிக்கர் மிகுந்த நாட்டின் பெண்கள், நம் திருச்சபையின் மகள்கள். எனவே இதை எங்கோ நடந்த செய்தி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

‘ஓ-பேர்’ என்பது பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல். நம் காதுக்கு யாரோ பேர் கேட்பது போல ஒலித்தாலும், ‘சரிசமமாக’ என்பதே அதன் பொருள். வேலைக்காரியாகவும் அல்ல, விருந்தாளியாகவும் அல்ல. அதே மேசையில் அமர்ந்து உண்ணும் ஒருத்தியாக அந்த வீட்டில் வாழ்வது. இதற்கென 1969 நவம்பர் 24 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஐரோப்பிய அவை ஓர் ஒப்பந்தத்தை உருவாக்கியது. வயது 17 முதல் 30 வரை. நாளொன்றுக்கு 5 மணி நேரத்துக்கு மிகாத வேலை. வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு. மாதத்தில் ஒருமுறையாவது அந்த ஓய்வு ஞாயிறாக இருக்கவேண்டும். வழிபாட்டில் பங்கேற்க முழு வாய்ப்பு தரவேண்டும். அரசுகள் கையெழுத்திடும் ஓர் ஒப்பந்தத்தில் ஞாயிறுக்கும் வழிபாட்டுக்கும் இடம் ஒதுக்கியவர்களை நாம் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதே ஒப்பந்தம், இப்பெண்கள் மாணவரும் அல்லர், தொழிலாளரும் அல்லர், இரண்டின் சாயலும் கொண்ட தனிப் பிரிவினர் என்கிறது. சிக்கல் பிறப்பது இங்கேதான். மாணவிக்குக் கல்லூரி இருக்கிறது, தொழிலாளிக்குச் சங்கம் இருக்கிறது. இவளுக்கு இருப்பது அந்த ஒரு வீடு.

ஜெர்மன் மொழி வகுப்புகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளின் காதிலும் இந்தச் சொல் விழாமல் இருக்காது என்பதால், ஜெர்மனியின் விதிகளையும் சற்றுப் பார்ப்போம். அங்கே வாரத்துக்கு 30 மணி நேரம், நாளுக்கு 6 மணி நேரம் என்பதே உச்சவரம்பு. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, தனி அறை, உணவு, காப்பீடு. மாதம் 280 யூரோ கையில் தருவார்கள். மொழி வகுப்புக்கென்று 70 யூரோ தனி. 280 யூரோ என்பது நம் ரூபாயில் 25,000-க்கும் மேல் என்று கேட்டதும் பெற்றோர் மனம் மகிழலாம். அது சம்பளம் அல்ல, கைச்செலவுப் பணம் என்பதையும் கவனிக்கவேண்டும். 30 மணி நேரமும் வேலை செய்தால், மணிக்கு ஏறக்குறைய 2 யூரோதான் வருகிறது. இதை நம்பி வீட்டுக் கடனை அடைக்கவோ தம்பியைப் படிக்கவைக்கவோ எண்ணி அனுப்பினால், அந்தச் சுமை முழுவதும் அவள் தலையில்தான் விழும். அதோடு, ஓ-பேராகத் தங்குவது அதிகபட்சம் ஓராண்டுதான்.

முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும்? குளிர்சாதனப் பெட்டியைக் கேட்காமல் திறக்கலாமா என்பதே பெரிய கேள்வியாக நிற்கும். நான்கு வயதுக் குழந்தை அவளுடைய உச்சரிப்பைத் திருத்தும். பெரியவர்கள் சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். டிசம்பரில் ஆஸ்லோ நகரில் பிற்பகல் மூன்றேகால் மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் பெரும்பாலும் மூடிக்கிடக்கும். சந்தடியிலேயே வளர்ந்த பெண்ணுக்கு அந்த அமைதி அச்சம் தரும். இன்னொரு போர்வை வேண்டும் என்று கேட்கக் கூச்சமாயிருக்கும். இவையெல்லாம் நாளடைவில் பழகிவிடும். பழகாத ஒன்றும் உண்டு. “நீ எங்கள் குடும்பத்தில் ஒருத்தி” என்று அந்த வீட்டுத் தாய் அன்போடு சொன்னபின், 31-வது மணி நேர வேலைக்கு “முடியாது” என்று எப்படிச் சொல்வது? மகள் மணிக்கணக்குப் பார்ப்பதில்லையே!

நல்ல குடும்பங்கள் இல்லாமல் இல்லை. ஆண்டு முடிந்து பிரியும்போது இரு பக்கமும் அழும் வீடுகள் ஏராளம். ஆனால் வேலை, கூரை, விசா மூன்றும் ஒரே கதவுக்குள் இருக்கும்போது, நல்லவர்களிடம்கூட மனத்தாங்கலைச் சொல்லத் துணிவு வராது. ஆகவே அந்த மணிக்கணக்கை அன்புக்கு எதிரானதாக நாம் கருதவில்லை. அந்த அன்பு சுரண்டலாக மாறிவிடாமல் காப்பது அதுதான்.

தொடக்க நூலின் 16-ஆம் அதிகாரத்தில் வரும் ஆகாரை எண்ணிப் பார்ப்போம். அயல்நாட்டுப் பெண், அந்த வீட்டின் எதிர்காலத்தையே சுமந்தவள். ஆயினும் அந்த அதிகாரத்தில் சாராயும் ஆபிராமும் அவளைப் பெயர் சொல்லிப் பேசுவதே இல்லை. பணிப்பெண் என்றே குறிப்பிடுகிறார்கள். பாலைநிலத்து நீரூற்றருகே ஆண்டவரின் தூதர்தான் அவளைப் பெயர் சொல்லி அழைத்து, எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என்று விசாரிக்கிறார். (நம் வீட்டு அடுப்படியில் வேலை செய்யும் பெண்ணுக்குத் தனித் தட்டு வைத்திருக்கும் நாம், ஐரோப்பியரைக் குறைசொல்லும் முன் சற்றுத் தயங்கவேண்டும். வீட்டுவேலைத் தொழிலாளருக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் நிறைவேற்றிய 189-ஆம் ஒப்பந்தத்தை இந்தியா இன்னும் ஏற்கவில்லை.)

நார்வே செய்தது சரியா? அதன் காரணத்தை நாம் மதிக்கிறோம். ஆனால் தடை மட்டும் போதாது என்பதற்கு பிலிப்பீன்ஸ் நாட்டின் அனுபவமே சான்று. தன் மகளிர் ஓ-பேராக ஐரோப்பா செல்வதை 1998-இல் அந்நாடு தடைசெய்தது. 2012-இல்தான் தடை முற்றிலும் நீங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர்கள் போகாமல் இருந்தார்களா? டென்மார்க்கிலும் நார்வேயிலும் அவர்கள் எண்ணிக்கை கூடவே செய்தது. சொந்த நாட்டு விதியை மீறிப் போனதால், துன்பம் வந்தபோது தம் அரசிடமே முறையிட அஞ்சினார்கள் என்பதுதான் வேறுபாடு.

திருச்சபைக்கு இது புதிய களம் அல்ல. வேலை தேடி நகரங்களுக்கு வந்த ஏழைப் பெண்களைத் தவறானவர்களின் கையில் சிக்காமல் காக்க, 1895-இல் மியூனிக் நகரில் கத்தோலிக்கப் பெண்கள் ஒரு சங்கம் கண்டார்கள். இரயில் நிலையத்துக்கே சென்று, வந்திறங்கும் பெண்களைச் சந்தித்தார்கள். ‘வழியில்’ எனப் பொருள்படும் ‘இன் வியா’ என்ற பெயரில் ஜெர்மன் காரித்தாஸ் குடும்பத்தில் அச்சங்கம் இன்றும் இயங்குகிறது. ஓ-பேர் பெண்களுக்கும் வழிகாட்டி வந்திருக்கிறது. டென்மார்க்கில் காரித்தாஸ் ஒரு தொழிற்சங்கத்தோடு கைகோத்து இவர்களுக்கு உரிமைகளை எடுத்துச் சொன்னது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2018-ஆம் ஆண்டின் புலம்பெயர்ந்தோர் நாள் செய்தியில் வரவேற்றல், பாதுகாத்தல், மேம்படுத்தல், ஒருங்கிணைத்தல் என நான்கைச் சொன்னார். வரவேற்றவுடன் அடுத்து வருவது பாதுகாப்பு என்பதைக் கவனியுங்கள்.

நம் பங்குகளிலும் வெளிநாடு செல்லும் பிள்ளைகள் திருமுழுக்குச் சான்றிதழுக்காகப் பங்குத்தந்தையிடம் வருகிறார்கள். சான்றிதழைக் கொடுத்து அனுப்பிவிடாமல் சிலவற்றைக் கேட்கலாம். வேலை நேரமும் ஓய்வு நாளும் எழுதப்பட்ட ஒப்பந்தம் கையில் இருக்கிறதா? இதற்குமுன் அந்த வீட்டில் இருந்த பெண்ணோடு பேசியாயிற்றா? முகவர் எவ்வளவு கேட்கிறார்? ஜெர்மனியில் ஓ-பேரிடம் இடைத்தரகர் பெறக்கூடியது 150 யூரோ மட்டுமே. லட்சங்களில் பேசுபவரிடம் அப்போதே எழுந்து வந்துவிடலாம். கடவுச்சீட்டு அவளிடமே இருக்கவேண்டும். ஒத்துவராவிட்டால் அதிகாரிகளின் இசைவோடு வேறு குடும்பத்துக்கு மாற வழியுண்டு என்பதைப் புறப்படும் முன்பே அவளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

போகும் ஊரின் பங்குக்கு நம் பங்குத்தந்தை ஒரு மின்னஞ்சல் அனுப்ப ஐந்து நிமிடம் போதும். பெற்றோருக்கும் ஒன்று: ஞாயிறன்று அவள் பேசும்போது “சாப்பிட்டாயா?” என்று கேட்டதோடு நிறுத்தாமல், இந்த வாரம் எத்தனை மணி நேரம் வேலை, பூசைக்குப் போக விட்டார்களா, கோவிலில் யாரோடு பேசினாய் என்றும் கேளுங்கள். பதில் சொல்ல அவள் தயங்கினால், உடனே கூப்பிட அந்தப் பங்கின் தொலைபேசி எண் நம் வீட்டில் இருக்கவேண்டும்.