நாட்டுக் கருவேலமரத்தை விறகுக்கு விற்கலாமா?

'வரப்பில் தாத்தா காலத்து நாட்டுக் கருவேலமரம் நிற்கிறது. விறகு விலைக்குக் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாமா?'

- வாசகர் ஒருவர், ராமநாதபுரம் மாவட்டம்.

அவசரப்பட வேண்டாம். சீமைக் கருவேலம் வருவதற்கு முன்பிருந்தே உழவர்களுக்குத் தளவாடம் கொடுத்த மரம் இது. இயற்கையாக வளைந்த கிளை கலப்பைக்கு. நேரான கிளை மண்வெட்டிக் காம்புக்கு. வைரம் பாய்ந்த அடிமரம் வண்டிச் சக்கரத்தின் குடம், ஆரக்கால், வட்டைக்கு. அதிர்ச்சியைத் தாங்கும் உறுதியே காரணம். பழங்கால எகிப்தியர்களும் நைல் நதிப் படகுகளை இந்த மரத்தில் கட்டினார்கள். 'அக்கேசியா நிலோட்டிகா' என்ற பழைய தாவரப் பெயரிலேயே நைல் இருக்கிறது.

வெட்டியதும் யாரும் இழைக்க மாட்டார்கள். கட்டைகளைக் குளத்தில் சில மாதங்கள் ஊறப்போட்டு, சாறு கரைந்தபின் நிழலில் உலர்த்துவார்கள். பூச்சி அரிப்பும் வெடிப்பும் குறையும். பூச்சி முதலில் விழுவது வெளிறில்தான். அதைச் செதுக்கி அடுப்புக்குப் போடுவார்கள்.

மரம் நிற்கும்வரை அதன் காய் ஆடுகளுக்குத் தீவனம். வெட்டியே ஆக வேண்டுமென்றால், முதலில் தச்சரை அழைத்து அடிமரத்தைக் காட்டுங்கள். வைரக்கட்டைக்குத் தனி விலை பேசுங்கள். மிஞ்சும் கிளைகளை மட்டும் விறகுக்குக் கொடுங்கள்.