ஆரியகுளம் சந்தியில் சைக்கிளுக்கும் இடம் வேண்டும்

மலையகத்திலிருந்து யாழ்ப்பாணம் போய்க் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்கு வாகனம் என்றால் பழைய சைக்கிள்தான். திருநெல்வேலியில் பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்கும் அதுவே. ஆகவே ஆரியகுளம் சந்தி நமக்கும் கவலை தரும் விடயம்.

பலாலி வீதிப் பஸ், டிப்பர், வான், ஆட்டோ எல்லாம் அங்கே ஒன்றாக நெருக்குகின்றன. வலப்பக்கம் திரும்ப வேண்டிய சைக்கிள்காரர் வீதியின் நடுவில் நின்று இடைவெளிக்காகக் காத்திருக்க வேண்டும். பின்னால் ஹோன் அடிக்கிறார்கள். அவசரப்பட்டுத் திரும்பினால் ஆபத்து.

யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றியது சைக்கிள். 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் இல்லாதபோது நோயாளியும் நெல்மூட்டையும் சைக்கிளில்தான் போயின. 2022 எரிபொருள் நெருக்கடியிலும் எல்லோரும் அதைத்தான் தேடினார்கள். நெருக்கடி தீர்ந்ததும் சைக்கிள்காரரை வீதியோரத்துக்குத் தள்ளிவிடுவது நியாயமா?

சைக்கிள்காரரிடமும் தவறு உண்டு. இரவில் விளக்கில்லாமல் ஓடக்கூடாது. இதை நம் பிள்ளைகளுக்கு நாமே சொல்வோம். ஆனால் ஒழுங்காக ஓடுபவருக்கும் அங்கே பாதுகாப்பு வேண்டும்.

வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்துக்கும் நட்டஈடு கோர, 2022இல் திருத்தப்பட்ட தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இடம் தருகிறது. இது தொழிலாளருக்குக் கிடைத்த நல்ல உரிமை. ஆனால் நட்டஈடு போன உயிரைத் திருப்பித் தராது.

நாம் கேட்பது பெரிய செலவு அல்ல. சந்தியை நெருங்கும் வாகனங்களின் வேகத்தைக் குறைக்க வேண்டும். சைக்கிள்கள் மற்ற வாகனங்களுக்கு முன்னால் நிற்க, கோடு போட்டு இடம் ஒதுக்க வேண்டும். சந்தியின் வாயில் வாகனம் நிறுத்துவதைத் தடுக்க வேண்டும். இரவில் நல்ல வெளிச்சம் வேண்டும். மாநகர சபை, வீதி அபிவிருத்தி அதிகார சபை, போக்குவரத்துப் பொலிஸ் மூவரும் ஒரே மேசையில் இருந்து முடிவெடுக்கட்டும். “அது எங்கள் பொறுப்பில்லை” என்ற பதில் வேண்டாம்.

நெதர்லாந்தில் 1971இல் மட்டும் வீதி விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கு மேற்பட்டோர் சிறுவர்கள். பெற்றோர் வீதியில் இறங்கிப் போராடினார்கள். இன்று அங்குள்ள சைக்கிள் பாதைகளுக்குப் பின்னால் அந்தப் போராட்டம் இருக்கிறது.

கேட்காமல் நமக்கு எதுவும் கிடைத்ததில்லை. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிள்ளைகள் தாங்கள் கடக்கும் ஆபத்தான சந்திகளை எழுதி அனுப்பட்டும். தோட்டத்தில் இருக்கும் நாம் தலைவர்மாரிடம் கொடுத்து, மனுவாக்கி, பதில் வரும்வரை கேட்போம்.