பிந்துனுவெவ வழக்கு சீக்கிரமே முடிந்தது

பதுளையிலிருந்து பண்டாரவளைக்குப் போகும் பஸ்ஸில் வானொலிச் செய்தி ஓடியது. தேங்கிக் கிடக்கும் வழக்குகளை அரசாங்கம் விரைவுபடுத்தப் போகிறது. "கேஸ் வெரசா முடிஞ்சாலே நமக்கு நியாயம் கிடைச்ச மாதிரிதான்" என்றார் முன் சீட்டில் இருந்த பெரியவர். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அந்த பஸ் போய் நிற்கும் ஊரிலிருந்து சில கிலோமீற்றரில் பிந்துனுவெவ இருக்கிறது. அங்கே நடந்ததைத் தெரிந்த யாரும் இப்படித் தலையாட்டக் கூடாது.

2000 ஒக்டோபர் 25 காலை, பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் புகுந்து வெட்டியது, அடித்தது, தீ வைத்தது. அரசின் காவலில் இருந்த 27 தமிழ் இளைஞர்கள் செத்தார்கள். ஆயுதத்தோடு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை.

அந்த வழக்கு இழுபடவில்லை. இன்று சீர்திருத்தம் என்று பேசப்படும் மருந்தெல்லாம் அதற்கு அன்றே கொடுக்கப்பட்டது. ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் விசாரித்தார்கள்; மேன்முறையீடு நேராக உயர் நீதிமன்றத்துக்கே போனது. 41 பேர் மீது குற்றப்பத்திரம். 2003 ஜூலை 1 அன்று ஐந்து பேருக்கு மரண தண்டனை. 2005 மே மாதத்தோடு அவர்களும் விடுதலை. எல்லாம் ஐந்து வருடத்துக்குள். 27 கொலைக்குக் குற்றவாளி என்று ஒருவர்கூட இல்லை.

ஏன்? கைகட்டி நின்றது பொலிஸ், சாட்சியம் சேர்த்ததும் பொலிஸ். ஜனாதிபதி ஆணைக்குழுவும் விசாரித்தது. அதன் அறிக்கையை அரசாங்கம் மக்கள் முன் வைக்கவில்லை. இந்த ஓட்டையை எந்த வேகம் அடைக்கும்? 2020இல் அரசியலமைப்பின் 20ஆவது திருத்தம் உயர் நீதிமன்ற நீதிபதிகளை 11இலிருந்து 17 ஆக்கியது, மேன்முறையீட்டு நீதிமன்ற நீதிபதிகளை 12இலிருந்து 20 ஆக்கியது. பிந்துனுவெவவில் குறைந்தது நீதிபதிகளின் தலைக்கணக்கு அல்ல.

வேகம் இந்த நாட்டில் இல்லாத பொருளும் அல்ல. 2024 ஏப்ரல் கடைசியில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. தோட்டக் கம்பனிகள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஜூலை தொடக்கத்திலேயே இடைக்காலத் தடை. செப்டெம்பரில் 1,350 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தோடு விஷயம் முடிந்தது. ஊவாத் தோட்டங்களில் கூடை சுமப்பவர்களுக்கு அந்த வேகத்தால் கிடைத்தது நட்டம்.

வேகம் சரிசெய்யாத இன்னொன்றுக்கு, மொழிக்கு, வருவோம். பதுளை, பண்டாரவளை, ஹாலி-எல உள்ளிட்ட பிரதேச செயலகப் பிரிவுகள் 1999இலேயே இருமொழிப் பிரிவுகளாகின. நீதிமன்றத்தில் தமிழில் விளங்கிக்கொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை தருகிறது. காகிதத்தில் இருக்கும் அந்த உரிமை பொலிஸ் நிலைய மேசைவரை வருவதில்லை.

தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் வேலித் தகராறில் அடிபட்டு முறைப்பாடு செய்யப் போனார். தமிழில் சொன்னார்; சிங்களத்தில் எழுதினார்கள். நீல மை ஒட்டிய பெருவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு திரும்பினார். ஒவ்வொரு தவணைக்கும் முதல் பஸ். ஒவ்வொரு தவணைக்கும் அன்றைய பேரும் அந்த நாட்சம்பளமும் போயின. மூன்றாவது தவணையில் வழக்கு முடிந்தது. வாசலில் நின்ற சட்டத்தரணியிடம், "என்னங்கய்யா சொன்னாங்க?" என்று கேட்டார். அவர் அடுத்த வழக்குக்காக உள்ளே ஓடிக்கொண்டிருந்தார்.