வெட்டறதுக்கு முன்னாடி அளவு எடுங்க

புதுப்பேட்டைக்குப் போய் ஏதாவது ஒரு பழைய கார் பார்ட் கேட்டுப் பாருங்க. வண்டி பேரு, மாடல், வருஷம்னு நீங்க அடுக்கினாலும் கடைக்காரர் காதுல வாங்கிக்க மாட்டார். அவர் கேட்கிறது ஒண்ணே ஒண்ணுதான்: “சாம்பிள் வச்சிருக்கியா தம்பி?”

போன வருஷம் நான் தேடிப் போனது ட்ரன்னியன். ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரின் முன் சக்கரத்தைத் தாங்குற செங்குத்துத் தண்டு ஒண்ணு இருக்கு. அதோட அடியில மரையோட உட்கார்ற வெண்கலத் துண்டுதான் ட்ரன்னியன். ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்தத் தண்டு இந்த மரைக்குள்ளதான் திரும்பும். உள்ளங்கையில அடங்குற சாமான்தான், ஆனா அங்க துருப்பிடிச்சு தண்டு முறிஞ்சா சக்கரமே மடிஞ்சு வண்டிக்கு அடியில போயிடும். வலது பக்கத்தை இடது பக்கம் மாட்ட முடியாது, மரையோட திசை வேற. இன்னொரு விஷயம், இதுக்கு கிரீஸ் வைக்கக் கூடாது, கெட்டியான கியர் ஆயில்தான் விடணும். எங்க வண்டியில யாரோ எப்பவோ கிரீஸ் கன்னை வச்சு அடிச்சுட்டுப் போயிருக்காங்க. அது உள்ளயே காய்ஞ்சு கல்லாகிக் கிடந்தது.

“எங்க வண்டி”ன்னா தாத்தாவோட 1969 ஹெரால்ட் மார்க் 3. மயிலாப்பூர்ல எங்க வீட்டு வாசல்ல தார்ப்பாய் போர்த்தி நிக்குது. தெருவுல பாதிப் பேருக்கு அது கார்னே தெரியாது, பூனை குட்டி போடுற இடம்னுதான் தெரியும்.

இந்த ஊர் வண்டிக்கு இந்த ஊர்ல பார்ட் கிடைக்கிறது சுலபம்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன். ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1948-ல் மெட்ராஸில் தொடங்கின கம்பெனி. வண்டலூர் பக்கத்துல பெருங்களத்தூர்ல ஃபேக்டரி. முதல்ல வேன்கார்ட், 1961-லேர்ந்து ஹெரால்ட், 1972-லேர்ந்து கெஸல், கடைசியா 1985-ல் ஸ்டாண்டர்ட் 2000. 1980-களின் முடிவுக்குள்ள எல்லாம் நின்னு போச்சு. நாம இப்போ ஜி.எஸ்.டி ரோட்டுல பஸ்ல தூங்கிக்கிட்டே தாண்டிப் போற இடத்துலதான் ஒரு காலத்துல கார் செஞ்சாங்க.

ஹெரால்டோட மூலம் இங்கிலாந்து. இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைச்சு, ட்ரையம்ஃப் கம்பெனி 1959-ல் விட்டது. அங்க 1971-லயே நிறுத்திட்டாங்க. ஆனா அதே முன்பக்க அமைப்பை ஸ்பிட்ஃபயர் மாதிரி வண்டிகளுக்கும் போட்டதால, ட்ரன்னியன் அங்க இன்னிக்கும் புதுசா தயாராகுது. கப்பல் செலவும் சுங்க வரியும் கட்டினா வீட்டுக்கே வரும். பெருங்களத்தூர்ல செஞ்ச வண்டிக்கு இங்கிலாந்துலேர்ந்து பார்ட் வாங்கினது எனக்கு வெட்கமாத்தான் இருந்தது. ஆனா வந்துச்சு, மாட்டினோம்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. இங்கிலாந்துல கிடைக்காத பார்ட்டைப் பத்தித்தான் சொல்ல வந்தேன்.

நாலு கதவு ஹெரால்டை இங்கிலாந்துல செஞ்சதே இல்ல. அது நம்ம ஊருக்குன்னே 1960-களின் பிற்பகுதியில இங்க மாத்திச் செஞ்ச வண்டி. பின் கதவு, அதோட கண்ணாடி, ரப்பர் பீடிங், கண்ணாடியை ஏத்தி இறக்குற வைண்டர் எல்லாம் உலகத்துல வேற எங்கயும் தயாராகல. இங்க இல்லன்னா எங்கயும் இல்ல.

இதை நான் தெரிஞ்சுக்கிட்ட விதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ரெண்டு வருஷம் முன்னாடி அடையார்ல ஒரு பழைய வீட்டை ஃப்ளாட் கட்ட இடிக்கப் போறாங்கன்னு தகவல் வந்துச்சு. கார் ஷெட்ல ஒரு ஹெரால்ட் மார்க் 3, நாலு கதவு. ஓடாது, அடி முழுக்கத் துரு. “ரெண்டு நாள்ல எடத்தைக் காலி பண்ணணும். காயலான் கடையில பேசியாச்சு. வேணுங்கறதைக் கழட்டிக்கோங்க”ன்னாங்க வீட்டுக்காரங்க. நானும் ரெண்டு நண்பர்களும் ஸ்பானர் பெட்டியோட போனோம். கார்புரேட்டர், ரெண்டாவது டைனமோ, மீட்டர், பம்பர், ஹெட்லைட் வளையம்னு கழட்டிக் குவிச்சோம். எங்க வண்டியில கதவு நாலும் நல்லா இருந்ததால, அதோட கதவுகளைத் தொடவே இல்ல. மறுநாள் லாரி வந்து மிச்சத்தைத் தூக்கிட்டுப் போச்சு. நாங்க பரோட்டா சாப்பிட்டுக் கொண்டாடினோம்.

நாலு மாசம் கழிச்சு எங்க வண்டியோட பின் இடது கண்ணாடி தொபுக்குனு கதவுக்குள்ள விழுந்துச்சு. பேனலைக் கழட்டிப் பார்த்தா வைண்டரோட பல் தகட்டுல பாதிப் பல் இல்ல. அடையாருக்குப் போன் போட்டோம். அந்தக் கதவுகள் அதுக்குள்ள எங்கயோ உலையில உருகிக் கம்பியாகியிருக்கும்.

புதுப்பேட்டையில அதே கேள்வி: “சாம்பிள் வச்சிருக்கியா?” வச்சிருந்தேன், பல் போன சாம்பிள். பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, “இதை வச்சு என்ன பண்ணச் சொல்ற? நல்லா இருக்கும்போது எங்க இருந்த?”ன்னு கேட்டார்.

அதான் கேள்வி. நல்லா இருக்கும்போது நான் எங்க இருந்தேன்? அதே சாமான் எங்க கண்ணு முன்னாடி முழுசா இருந்துச்சு. காலேஜ்ல வெர்னியர் இருக்கு, கேட் லேப் இருக்கு, பூட்டியே கிடக்குற ஒரு ஸ்கேனரும் இருக்கு. ஒரு மத்தியானம் போதும், அந்தக் கதவோட ஒவ்வொரு துண்டையும் அளந்து வச்சிருக்கலாம். நாங்க பார்ட்டை எடுத்தோம், தகவலை எடைக்குப் போட்டுட்டோம்.

அதனால என் கருத்து இதுதான். பழைய வண்டி உலகத்துல பார்ட் பஞ்சம்னு எல்லாரும் சொல்றோம். பார்ட் என்னிக்கிருந்தாலும் தேயும், உடையும், தீரும். அளவு இருந்தா திரும்பச் செய்யலாம். ஒரு வண்டியைப் பார்ட்டுக்காக வெட்டறது தப்பில்ல, அளவு எடுக்காம வெட்டறதுதான் தப்பு. தேய்ஞ்சு போன பிறகு அளந்தா, தேய்மானத்தைத்தான் காப்பி அடிப்போம்.

இதுல பதுக்கலும் சேர்ந்துக்குது. தி.நகர், மயிலாப்பூர்ப் பழைய வீட்டுப் பரண்ல என்னென்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. பெட்டி பிரிக்காத லூகாஸ் விளக்கு, எண்ணெய்த் தாள் சுத்தின பிஸ்டன் செட். “எப்பவாவது வேணும்”னு வச்சிருப்பாங்க, அந்த எப்பவாவது வர்றதுக்குள்ள வீடே கை மாறிடும். இன்னொரு பக்கம், ஆளைப் பார்த்து விலை சொல்றவங்க. ஷூ போட்டுட்டுப் போனா ஒரு விலை, கையில கிரீஸோட போனா ஒரு விலை. அரிய பொருளுக்கு விலை ஏறுறது இயற்கைதான். ஆனா காசு மட்டுமே பேசினா, கடைசியில பார்ட் யாருக்குத் தேவையோ அவங்க கிட்ட போகாது, யாரு கிட்ட பரண் பெருசோ அங்க போய்ச் சேரும்.

எங்களைக் காப்பாத்தினது பண்டமாற்று. தி.நகர்ல இன்னொரு நாலு கதவு ஹெரால்ட் வச்சிருக்கிற ஒரு பெரியவர். அவருக்கு டைனமோ வேணும், எங்க கிட்ட ரெண்டு இருந்துச்சு. வைண்டரைத் தர மாட்டேன்னுட்டார், நியாயம்தான். “கழட்டித் தர்றேன். ஒரு நாள் கடன். ஞாயித்துக்கிழமை சாயந்தரம் திரும்ப மாட்டிக் குடுக்கணும்”னார். டைனமோவைக் குடுத்தோம், பதிலுக்கு ஒரு நாள் வாங்கினோம். அளந்தோம், படம் போட்டோம், கிண்டி தொழிற்பேட்டையில ஒரு பட்டறையில ஒயர்கட்ல மூணு தகடு வெட்டினோம். எங்களுக்கு ஒண்ணு, பெரியவருக்கு ஒண்ணு, ஒண்ணு கையிருப்பு. முதல் படத்தைப் பார்த்த பட்டறை மேஸ்திரி, “எல்லாம் அழகா இருக்கு, தடிமன் எங்க போட்டிருக்க?”ன்னு கேட்டது தனிக்கதை. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் மக்களே, தடிமன் போட மறந்துட்டோம்.

“இதெல்லாம் பணக்காரங்க பொழுதுபோக்கு, நமக்கென்ன?”ன்னு கேட்பீங்க. பளபளக்குற பேரணி வண்டிகளைப் பார்த்தா அப்படித் தோணும். ஆனா சிம்ப்சன் கம்பெனியில சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் நீராவி கார் செஞ்ச ஊர் இது. அப்போ பார்ட் வாங்க எந்தக் கடை இருந்துச்சு? செஞ்சுக்கிட்டாங்க. அந்தக் கை இப்பவும் லேத் பட்டறைகள்ல இருக்கு. நம்ம கிட்டதான் இல்ல. பதினாலாம் நம்பர் ஸ்பானர் தவிர வேற தெரியாத நமக்கு, 9/16 இன்ச் நட்டு 14.29 மில்லிமீட்டர்னு ஒரு ஹெரால்ட்தான் சொல்லித் தரும். பதினாலு ஏன் உள்ள போகலன்னு அரை மணி நேரம் முழிச்சவன் சொல்றேன்.

“பிரின்டர்ல அடிச்சா முடிஞ்சுது”ன்னும் சிலர் சொல்வாங்க. அமெரிக்காவுல ஜே லீனோ தன்னோட 1907 நீராவி காருக்கு ஸ்கேன் பண்ணி, பிளாஸ்டிக்ல மாதிரி எடுத்துத்தான் பார்ட் செஞ்சார். ஆனா மாதிரி வேற, ஓடுற பார்ட் வேற. குமிழ், பீடிங் மூலை, வைண்டர் தகடு எல்லாம் நாம செய்யலாம். ட்ரன்னியன், பிரேக் சிலிண்டர், ஸ்டீரிங் ஜாயின்ட் மேல ஆர்வக்கோளாறுல கை வைக்காதீங்க. உலோகம் என்னன்னு தெரியாம, சோதிக்காம அதைச் செஞ்சா, அளவு சரியா இருந்தாலும் ஆளு இருக்க மாட்டான். அதை முறையா செய்யறவங்க கிட்ட வாங்குங்க.

“படத்தை எல்லாருக்கும் குடுத்தா புதுப்பேட்டை பொழப்பு என்ன ஆகும்?” இதுதான் என்னை யோசிக்க வச்ச கேள்வி. புதுப்பேட்டைக்காரர் வாழறது பார்ட்டால மட்டும் இல்ல. எந்த வண்டியோட எது எதுக்குச் சேரும்ங்கற கண்ணால வாழறார். அதை எந்தப் படமும் பறிக்காது. சொல்லப்போனா எதை அளக்கணும்னு அவரைத்தான் கேட்கணும், கேட்டதுக்குக் கூலியும் குடுக்கணும்.

அவசரம் எதுக்குன்னா, சட்டமும் மாறிட்டு வருது. 2021-ல் மத்திய அரசு 50 வயசு தாண்டின வண்டிகளுக்குத் தனி வின்டேஜ் பதிவு கொண்டு வந்துச்சு. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. நம்பர்ல ‘வி.ஏ’ எழுத்து வரும். சேஸிஸ், பாடி, இன்ஜின் பெருசா மாத்தாம அசல் நிலையில இருக்கணும்ங்கறது நிபந்தனை. அதே வருஷம் பழைய வண்டி அழிப்புக் கொள்கையும் வந்துச்சு. 2022 ஏப்ரல்லேர்ந்து 15 வருஷம் தாண்டின காரோட பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாய் 5,000 ஆச்சு. புகை கக்குற வண்டி போகட்டும், நானும் ஒத்துக்கறேன். ஆனா இனி ஷெட்லேர்ந்து வண்டிகள் வேகமா வெளிய வரும், வேகமா நசுங்கும். நம்ம ஊர்ல செஞ்ச பொருளோட கடைசி அளவுகள் அதுக்குள்ள இருக்கு.

பிரிட்டனை எடுத்துக்கோங்க. எம்.ஜி.பி காரோட பழைய அச்சுகளைத் தேடிப் பிடிச்சு, 1988-லேர்ந்து முழு பாடியையே புதுசா விக்கிறாங்க. அச்சு தப்பிச்சதால வண்டியும் தப்பிச்சது. பெருங்களத்தூர் அச்சு எதையும் நாம கண்ணால பார்க்கல. நமக்கு மிஞ்சினது வண்டிகள் மட்டும்தான்.

அதனால உங்க கிட்ட கேட்கறது இவ்வளவுதான். உங்க வீட்டுலயோ சொந்தக்காரங்க வீட்டுலயோ ஹெரால்ட், கெஸல், அம்பாசடர், பத்மினின்னு எது நின்னாலும், காயலான் கடைக்குப் போன் போடறதுக்கு முன்னாடி எங்களுக்கு ஒரு நாள் குடுங்க. வண்டி வேணாம், பார்ட் வேணாம். ஒரு வெர்னியர், ஒரு நோட்டு, ஒரு ஸ்கேனரோட நாலு பேர் வர்றோம். படத்தை யார் கேட்டாலும் காசில்லாம தர்றோம்.

அந்த ஸ்கேனர் அறைச் சாவி யார் கிட்ட இருக்குன்னு தெரிஞ்சவங்களும் சொல்லுங்க. மூணு மாசமா தேடிட்டு இருக்கோம், அதுக்கும் புதுப்பேட்டைக்குத்தான் போகணும் போல.