முதலில் உயிர், பிறகு கால்!

சாலை விபத்தில் ஒருவர் அடிபடுகிறார். தொடை எலும்பு முறிந்து விடுகிறது. மார்பிலும் வயிற்றிலும் பலத்த அடி. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள்.

மறுநாள் உறவினர்கள் வந்து பார்க்கிறார்கள். காலில் மாவுக்கட்டு இல்லை. எலும்பைச் சேர்க்கும் ஆபரேஷனும் நடக்கவில்லை. காலுக்கு வெளியே ஒரு கம்பிச் சட்டம்தான் இருக்கிறது.

"கால் உடைந்து கிடக்கிறது. டாக்டர்கள் கவனிக்கவே இல்லையே!" என்று கோபப்படுகிறார்கள்.

கோபம் வருவது இயற்கை. ஆனால், அது சரியா? இல்லை. அந்தத் தாமதமே பல சமயம் உயிரைக் காப்பாற்றுகிறது!

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

உடைந்த கால் கண்ணுக்குத் தெரியும். வயிற்றுக்குள் கொட்டும் ரத்தம் தெரியாது. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் உயிர் போய்விடும். எலும்போ சில நாட்கள் பொறுக்கும். ஆகவே, டாக்டர்கள் முதலில் மூச்சைப் பார்க்கிறார்கள். ரத்தப் போக்கை நிறுத்துகிறார்கள். தலைக் காயத்தைக் கவனிக்கிறார்கள்.

அதற்காகக் காலை அப்படியே விடலாமா? கூடாது. வளர்ந்த மனிதரின் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம் இருக்கிறது. தொடை எலும்பு முறிந்தால், தோல் கிழியாமலே 1 லிட்டருக்கு மேல் உள்ளே கசியக்கூடும். அதனால், உடைந்த காலை உடனே அசையாமல் நிறுத்த வேண்டும்.

போர்க்களம் தந்த பாடம்

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. தொடை எலும்பு முறிந்த சிப்பாய்கள் ஏராளமாக இறந்தார்கள்.

இங்கிலாந்தில், லிவர்பூல் நகரில் முன்பு ஹியூ ஓவன் தாமஸ் என்ற டாக்டர் இருந்தார். எலும்பு வைத்தியமே அவர் குடும்பத்தின் பரம்பரைத் தொழில். காலை இழுத்துப் பிடித்து அசையாமல் வைக்க, அவர் ஓர் இரும்புச் சட்டம் செய்திருந்தார். 1891-ல் அவர் இறந்து விட்டார். அவருடைய சீடர் ராபர்ட் ஜோன்ஸ் அந்தச் சட்டத்தைப் போர்முனையில் பரப்பினார்.

சாவு வெகுவாகக் குறைந்தது. எலும்பு ஒட்டியதாலா? இல்லை. கால் அசையாமல் இருந்ததால்!

அவசரம் எப்போது ஆபத்து?

1980-க்குப் பிறகு, முறிந்த தொடை எலும்பை 24 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்வது நல்லது என்று தெரிந்தது. வாரக் கணக்கில் படுத்தே கிடந்தால் நுரையீரல் கெட்டுவிடும் என்பதே காரணம். நிலைமை தேறியவர்களுக்கு இன்றும் அதுவே நல்லது.

ஆனால், உயிருக்குப் போராடுகிறவருக்கு நீண்ட ஆபரேஷன் இன்னொரு விபத்துக்குச் சமம்! ரத்தம் மேலும் போகும். நுரையீரல் பாதிக்கப்படும். அதனால்தான் அப்படிப்பட்டவருக்கு வெளியே சட்டத்தைப் பூட்டி வைக்கிறார்கள். உடம்பு தேறிய பிறகு, சில நாட்கள் கழித்து, உள்ளே கம்பி வைக்கிறார்கள்.

ஒன்றை மறக்கக்கூடாது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தாலும், பாதத்துக்கு ரத்த ஓட்டம் நின்றாலும் அதிகம் காத்திருக்க முடியாது. எதற்கு அவசரம், எதற்குப் பொறுமை என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இருவர் கடமை

டாக்டர்களுக்கும் ஒரு கடமை உண்டு. வெளியே தவித்து நிற்கும் தாயிடமும் மனைவியிடமும், "காலை மறக்கவில்லை. உயிருக்காகக் காத்திருக்கிறோம்" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைச் சொல்லாததால்தான் பாதிச் சண்டை வருகிறது.

உறவினர்களும் "காலுக்கு ஏன் கட்டவில்லை?" என்று சண்டை போட வேண்டாம். "மூச்சு எப்படி இருக்கிறது? ரத்தம் நின்றதா? காலுக்கு எப்போது ஆபரேஷன்?" என்று கேட்கட்டும். கோபத்தில் நோயாளியை வேறு இடத்துக்குத் தூக்கிக் கொண்டு ஓடுவது உயிருக்கே உலை வைக்கும்.

கால் சில மாதம் கழித்து நடக்கலாம். உயிர் இன்றைக்கே நிலைக்க வேண்டும்!