அரைப் புள்ளியில் அடைபடும் கதவு

சில மாதங்களுக்கு முன்னர் வன்னியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தமது பரீட்சைப் பெறுபேற்றுடன் என்னைத் தேடி வந்தார். பிரித்தானியப் பல்கலைக்கழகமொன்றில் முதுமாணிப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தவர். ஐ.ஈ.எல்.ரி.எஸ். ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல் 7, வாசிப்பு 7.5, பேச்சு 6, எழுத்து 5.5. சராசரி 6.5. பல்கலைக்கழகம் கோரியதும் 6.5 தான். ஆயினும் எந்தப் பகுதியிலும் 6 இற்குக் குறையலாகாது என்றொரு நிபந்தனையும் இருந்தது. அந்த அரைப் புள்ளியினால் அனுமதி கைநழுவிப் போயிற்று.

"எனக்குப் படிப்பு வராது என்றா ஐயா இதற்கு அர்த்தம்?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஆனால், அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை.

1989 ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் இப்பரீட்சையின் பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். அதற்குள் அனுமதியோ வீசாவோ கிடைக்காதவர் மீண்டும் கட்டணம் செலுத்தித் தோற்றவேண்டும். ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுதும் வசதி அண்மையில் சில நாடுகளில் வந்துள்ளபோதிலும், அதனை எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. நாட்கூலி பெறும் குடும்பத்துக்கு இக்கட்டணம் சிறு தொகையன்று.

இதனாலேயே இப்பரீட்சைகளை ஒழித்துவிட வேண்டும் என்போர் உளர். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரிவுரை விளங்காமல் அந்நிய நாட்டில் கடன்பட்டுக் கிடப்பதைவிட, புறப்படுமுன் குறையை அறிவது நல்லது. ஆனால், குறை எங்கே உண்டாகிறது என்பதை நாம் நேர்மையாகப் பார்க்கவேண்டும்.

1987 இல் கொண்டுவரப்பட்ட பதின்மூன்றாவது திருத்தத்தின்படி ஆங்கிலம் இலங்கையின் இணைப்பு மொழி. பாடசாலைகளில் தரம் 3 முதல் தரம் 11 வரை ஒன்பது ஆண்டுகள் அது ஒரு பாடம். அத்தனை ஆண்டுகள் படித்த பிள்ளைக்கு, பின்னர் மூன்று மாத தனியார் வகுப்பு ஏன் தேவைப்படுகிறது? கொழும்பில் வீட்டிலேயே ஆங்கிலம் கேட்டு வளர்ந்த பிள்ளையும், ஆங்கில ஆசிரியர் இன்றியே பல தவணைகளைக் கழித்த பிள்ளையும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வினாத்தாளுக்கு விடை எழுதுகின்றனர்.

எழுத்துப் பகுதியில் எம்மவர் தடுமாறுவதற்கு ஆங்கிலம் மாத்திரம் காரணமன்று. அறுபது நிமிடங்களில் இரண்டு எழுத்து வேலைகள். அவற்றுள் ஒன்று, கொடுக்கப்பட்ட விடயம் பற்றிக் குறைந்தது 250 சொற்களில் தன் கருத்தைக் காரணங்களுடன் நிறுவுவது. நமது பாடசாலைகளிலோ கட்டுரை என்பது பெரும்பாலும் பாடமாக்கி ஒப்புவிப்பதாகவே இருக்கிறது. மனனம் செய்த வசனங்களை இப்பரீட்சை தண்டிக்கிறது. பத்திரிகைத் தொழிலில் இருந்த காலத்தில் இளம் நிருபர்கள் பலரின் எழுத்துப் பிரதிகளைத் திருத்தியிருக்கிறேன். தகவல் இருக்கும், மொழியும் பிழையின்றி இருக்கும், எழுதியவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும் இராது. அவை அனைத்தும் தமிழில் எழுதப்பட்டவை.

ஆகவே, நமது பிள்ளைகள் வாரம் ஒரு பக்கமேனும் தமது சொந்தக் கருத்தை எழுதிப் பழகவேண்டும். முதலில் தமிழில் எழுதட்டும், பிறகு ஆங்கிலத்தில். இதற்குப் புதிய கட்டடமோ வெளிநாட்டு நிதியோ தேவையில்லை. வாசித்துத் திருத்தும் ஆசிரியர் ஒருவர் போதும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் அரைப் புள்ளி குறைந்தவரை வாசலில் நிறுத்தாமல், மேலதிகக் கட்டணமின்றி மொழிப் பயிற்சியளித்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான பவுண் கட்டணம் அறவிடுவோருக்கு இது பெரிய சுமையாகாது.

அந்த இளைஞர் இப்போது மீண்டும் பரீட்சைக்கு ஆயத்தமாகிறார். வாரந்தோறும் ஒரு கட்டுரை எழுதி எனக்கு அனுப்புகிறார். முதல் மூன்றும் எங்கோ படித்துப் பாடமாக்கியவை. நான்காவதில்தான், தம் ஊர்ப் பாடசாலையைப் பற்றி, அவருடைய சொந்தக் குரலைக் கேட்டேன். இலக்கணப் பிழைகள் பல இருந்தன. அவற்றைத் திருத்திவிடலாம்.